பன்னிரண்டாவது பாடம்

ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்து, ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவேண்டிய வேலையைக் கெடுத்தவன் நான். பொய்ச் சாட்சி சொல்லவில்லை. யாரையும் மிரட்டவில்லை. சபைச் செயலாளருக்கு ஏற்ற முகத்தை வைத்துக்கொண்டு, நாற்காலியில் முதுகை நிமிர்த்திப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான்.

அந்தச் சொல்லை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்பார்கள். உருது பேசுகிறவர்களின் சொல்தான், ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், தெலுங்கர் எல்லார் வாயிலும் அது வரும். சாப்பிட்டாயா என்றால் ஹவ். மழை வருமா என்றால் ஹவ். எங்கள் குடும்பம் திருநெல்வேலித் தமிழைக் கட்டிக்காத்த குடும்பம். வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் அப்பா முறைப்பார். ஆனாலும் அயர்ந்த நேரத்தில் எனக்கும் அதுதான் வரும்.

மௌலா அலிக் குன்றின் அடிவாரத்தில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு ஒரு சிறிய ஹால் உண்டு. தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்றதும், அங்கே சுற்றுவட்டாரப் பெண்களுக்கு இலவசமாக ஆங்கில வகுப்பு எடுக்க முன்வந்தேன். ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளி தவறினாலும் தூக்கம் வராத ஆள் நான். என் வகுப்புக்கு நான்கு பேர் வந்தார்கள். அதில் இருவர் மின்விசிறிக்காக வந்தவர்கள். ஆறு மாதம் 'எ', 'ஆன்', 'தி' என்று ஆர்ட்டிக்கிள் நடத்தினேன். அப்புறம் விசிறி பழுதானது, வகுப்பும் நின்றது.

அடுத்த ஆண்டு ஒரு மிஷன் சங்கத்தின் மூலம் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இருபத்துநான்கு வயது. பனி விழும் ஏதோ சிற்றூர். பத்து மாதம் சம்பளமில்லாமல் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க வந்திருந்தாள். கையில் முப்பது பாடங்கள் உள்ள ஒரு புத்தகம். முதல் நாள் இருபத்திரண்டு பெண்கள் வந்தார்கள். என் பழைய மாணவிகள் நால்வரும் முன்வரிசையில். "ஐயா கூடவே இருந்து பார்த்துக்கோங்க" என்றார் போதகர். சுவரோரம் ஒரு நாற்காலி போட்டுத் தந்தார்கள். நான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன்.

வகுப்புக்குள் ஆங்கிலம் மட்டும்தான் என்பது அவளுடைய விதி. முதல் பாடத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரைத் தூக்கிக் காட்டி, இது கிளாஸ் என்றாள். புரிந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இருபத்திரண்டு குரல்கள் ஒன்றாக, "ஹவ், மிஸ்!"

ஹவ் என்றால் ஆங்கிலத்தில் எப்படி. அவள் திகைத்தாள். இது எப்படி கிளாஸ் ஆகும் என்றா கேட்கிறார்கள்? தம்ளரை வெளிச்சத்தில் காட்டினாள், தண்ணீர் ஊற்றினாள், குடித்தும் காட்டினாள். இப்போது புரிந்ததா?

"ஹவ், மிஸ்!"

கரும்பலகையில் படம் வரைந்தாள். மூன்றாவது ஹவ்வுக்குப் பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். பின்வரிசையில் ஒருத்தி மற்றவளிடம் கிசுகிசுத்தாள்: "அவங்க ஊர்ல எதையும் மூணு தபா சொல்வாங்களாட்டம் இருக்குடி. மரியாதை போல."

அந்தப் பெண்களுக்கு 'யெஸ்' தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் யெஸ் என்பது பாடத்தில் வரும் பதில். ஹவ்தான் அவர்களுடைய பதில். 'ஹவ் ஆர் யூ'வும் தெரியும், அதை ஒட்டுமொத்தமாக ஒரே சொல்லாகத் தெரியும். கேள்விச் சொற்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும் பாடம் அந்தப் புத்தகத்தில் பன்னிரண்டாவது.

அந்த வாரம் ஆட்டோவுக்குக் காத்து நிற்கும்போது அவள் என்னிடம் கேட்டாள், எதைச் சொன்னாலும் இவர்கள் ஏன் எப்படி, எப்படி என்றே கேட்கிறார்கள் என்று. ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கும். இருபத்திரண்டு பேர் என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தார்கள். முகத்தில் ஒரு சிரிப்புக்கோடு விழாமல், "எங்கள் மக்கள் எதையும் மேலோட்டமாக ஏற்கமாட்டார்கள். வேர்வரை போய்ப் பார்ப்பது எங்கள் மரபு" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். நாளைக்குச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அவளோ பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டவளிடம் மறுநாள் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது நான் அதை நடித்துக் காட்டினேன். மிஸ்ஸாக ஒரு குரல், பெண்களாக ஒரு குரல். போதகருக்கு டீ மூக்கில் ஏறியது. அப்புறம் அது வாராந்தர நிகழ்ச்சியானது.

"அண்ணாச்சி, இந்த வாரம் மிஸ் எதுல நிக்காவ?"

"வாழைப்பழத்துல. தோலு உரிச்சாச்சு, இன்னும் புரியல."

என் வாழ்நாளில் நான் பேசிச் சபை அப்படிச் சிரித்ததில்லை. மிஸ்ஸும் அங்கேதான் பிஸ்கட்டோடு நிற்பாள். தமிழ் தெரியாததால் எல்லாரும் சிரிக்கும்போது அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளகிட்ட சொல்லிருங்க. வீட்ட விட்டுட்டு வந்து கெடக்கு" என்றாள்.

"சொல்லுதேன், சொல்லுதேன்."

ஒவ்வொன்றையும் மூன்று முறை விளக்கியதில் பத்து மாதத்தில் பதினோரு பாடம்தான் முடிந்தது.

வகுப்பில் சிறந்த மாணவி ஒரு நர்சிங் ஹோம் ஆயா. சிகந்தராபாத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா ரயில்வேயில் இருந்தவர். முப்பத்துமூன்று வயது, இரண்டு பெண் குழந்தைகள். காலை ஷிப்டில் பெட்பேன் கழுவிவிட்டு, கையில் டெட்டால் வாசனையோடு நேராக வகுப்புக்கு வருவாள். ஊருக்கு வெளியே ஒரு மிஷன் மருத்துவமனையில் வார்டு உதவியாளராகப் பயிற்சி கொடுத்து வேலையும் கொடுப்பதாக இருந்தார்கள். ஆங்கிலத்தில் சொல்வதைப் புரிந்துகொண்டு செய்வாள் என்று ஆசிரியர் ஒருவர் கடிதம் தரவேண்டும், சபைச் செயலாளரான நான் எதிர்க்கையெழுத்துப் போடவேண்டும். பெட்பேனிலிருந்து மருந்துத் தட்டுக்கு மாறுவதற்கு அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தக் கடிதம்.

மிஸ் நேர்மையான பெண். தேர்வு வைக்காமல் கடிதம் தரமாட்டேன் என்றாள். தேர்வன்று ஹால் வாசலில் ஆயா என்னிடம் சொன்னாள்: "சார், நீங்க பக்கத்துலயே இருங்க சார். மிஸ் வேகமா பேசுனா எனக்கு இங்கிலீஷே வராது."

"பக்கத்துலதான் இருப்பேன்" என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன். இரண்டடி தூரத்தில் இருந்தேன்.

மிஸ் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: இந்த நோயாளிக்குச் சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை. காலையும் இரவும். புரிந்ததா?

ஆயா தலையை அழுத்தமாக ஆட்டினாள். "ஹவ், மிஸ்."

தண்ணீரோடு கொடுக்கவேண்டும் என்றாள் மிஸ். விழுங்குவதுபோல் நடித்துக் காட்டினாள். புரிந்ததா?

"ஹவ், மிஸ்."

மூன்றாம் முறை மிஸ்ஸின் குரல் உடைந்தது. தயவுசெய்து சொல், புரிந்ததா? பயத்தில் இருப்பவர்களுக்குத் தாய்வீட்டுச் சொல்தானே முந்திக்கொண்டு வரும். "ஹவ், மிஸ். ஹவ்."

ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஹவ் என்றால் ஆமாம் என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் மிஸ் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்: இதை ஏன் பத்து மாதம் முன்பே சொல்லவில்லை? ஞாயிறுதோறும் எதற்குச் சிரித்தோம் என்பதும் அந்தக் கணமே அவளுக்குப் புரிந்துவிடும். என் மானம் ஒரு தட்டில், ஆயாவின் வேலை ஒரு தட்டில். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

மிஸ் அழுதுகொண்டே கடிதம் எழுதினாள். உண்மையானவர், அன்பானவர், ஆனால் எளிய உத்தரவைக்கூட, எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்காமல் அவரால் பின்பற்ற முடியவில்லை, மனச்சாட்சிப்படி என்னால் பரிந்துரைக்க இயலாது. நடையில் ஒரு பிழையும் இல்லை. நான் எதிர்க்கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினேன். ஆயா அதைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து வந்து, "அந்த லெட்டர்ல என்னா சார் எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள்.

"இந்த வருஷம் போட்டி அதிகமாம்" என்றேன்.

மிஸ் அதற்குள் ஊருக்குப் போயிருந்தாள். பொன்னாடை போர்த்தி, முத்துமாலை போட்டு அனுப்பிவைத்தோம். வழியனுப்பு உரை நான்தான்.

பன்னிரண்டு ஆண்டுகள் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். போன வருஷம் எனக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. மயக்கம் தெளியும் நேரத்தில் ஒரு மணிப்பூர் நர்ஸ் குனிந்து, "பெயின், அங்கிள்?" என்று கேட்டிருக்கிறாள். நான் "ஹவ்" என்றேனாம். "ஆபரேஷன் ஆனதால், அங்கிள்" என்று அவள் பொறுமையாக விளக்கியிருக்கிறாள். வலிக்கிறதா என்று மறுபடி கேட்டாள். "ஹவ்." மூன்றாம் தடவைக்குப் பிறகு டாக்டரிடம் போய், நோயாளிக்குக் குழப்பமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். வலி ஊசி அரை மணி தாமதமாக வந்தது.

மறுநாள் மனைவி இதைச் சொன்னபோது தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. மனைவி என்னைப் பார்த்தபடி, "இப்பமாவது சொல்லுவீளா?" என்றாள்.

மிஸ்ஸின் முகவரியை மிஷன் சங்கத்தில் கேட்டு வாங்கி, நடந்தது எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று வாரம் பதில் இல்லை. வந்த பதிலும் சிறியது. ஊருக்குத் திரும்பிய பின் அவள் ஆசிரியப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டாளாம். முதல் தடவையில் யாருக்கும் எதையும் புரியவைக்க முடியாதவள் என்று தன்னைப் பற்றி முடிவுகட்டி, இப்போது ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருக்கிறாளாம். நான் கெடுத்தது ஒரு வேலை என்றல்லவா எண்ணியிருந்தேன். எங்கள் மரபு என்று நான் சொன்ன வாக்கியத்தைத் தன் ஊர்ச் சபைகளில் எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருக்கிறாளாம். அதை எழுதிவிட்டு, அந்தப் பெண்ணிடம் சொன்னீர்களா, சொல்லும்வரை எனக்கு எழுதவேண்டாம் என்று முடித்திருந்தாள். கூடவே புதிதாக ஒரு பரிந்துரைக் கடிதம்: நான் கேட்ட மூன்று முறையும் அவர் புரிந்தது என்றே பதில் சொன்னார், புரிந்துகொள்ளாதவள் நான். என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கீழே எதிர்க்கையெழுத்துக்கு இடம் மட்டும் விட்டிருந்தாள்.

கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு ஹப்சிகுடாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து மௌலா அலிக்கு, ஆயாவின் வீட்டுக்குப் போனேன். ஆயா இப்போதும் அதே நர்சிங் ஹோமில் ஆயாதான். மடித்த துணிகளை நகர்த்தி எனக்கு இடம் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், டீ நேரச் சிரிப்பு உட்பட. கடிதத்தை வாங்கி, உதட்டை அசைத்து, யார் உதவியும் இல்லாமல் ஆங்கிலத்தில் படித்து முடித்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும் சார்" என்றாள். "மிஸ் போறப்ப அந்த புக்கை என்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. மீதிய நானே படிச்சேன். பன்னெண்டாவது பாடம், ஹவ்னா எப்படின்னு போட்டிருந்துச்சு. அப்படியே கீழ உக்காந்துட்டேன்."

"அப்பவே வந்து என்னைக் கேட்டிருக்கலாமேம்மா?"

"கைக்கு சார், எதுக்கு உங்கள கேக்கணும்? சார் திருநெல்வேலிக்காரரு, சுத்தத் தமிழு, நம்ம ஹவ்வெல்லாம் அவருக்கு எங்க தெரியப்போவுதுன்னு நெனச்சேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்." கடிதத்தை மடித்தாள். "அப்படி நெனச்சிட்டிருந்தது நல்லாத்தான் இருந்துச்சு சார்."

அந்த மருத்துவமனையில் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

"நக்கோ சார், வேணாம். அங்க முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்கறதில்ல." கொஞ்ச நேரம் துணி மடித்தாள். "ஒண்ணு செய்யுங்க. உங்க சர்ச்சுல அந்த ஜோக்க இன்னொரு தபா சொல்லுங்க. என் பரீட்சையையும் சேர்த்து."

அடுத்த ஞாயிறு டீ நேரத்தில் சொன்னேன். பழைய ஆட்கள் பாதிப் பேர் இருந்தார்கள். தம்ளரிலேயே சிரிக்க ஆரம்பித்தார்கள், வாழைப்பழத்தில் கண்ணீர் வந்தது. பிறகு ஆயாவின் தேர்வையும் மிஸ்ஸின் கடிதத்தையும் என் இரண்டு கையெழுத்துகளையும் சொன்னேன். ஒருவர் இன்னொரு டீ வாங்கப் போனார். "அது அந்தக் காலம் அண்ணாச்சி, விடுங்க" என்றார் இன்னொருவர். அன்றிலிருந்து என்னை யாரும் எதையும் நடித்துக்காட்டச் சொல்வதில்லை.

இதைத் தெரிவிக்க மறுபடி மௌலா அலிக்குப் போனேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"சிரிச்சாங்களா?"

"முதல் பாதிக்கு."

"ரெண்டாவது பாதி அவங்களுக்குப் புரிஞ்சுதா சார்?"

"ஹவ்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

அவள் பூட்டை மாட்டிச் சாவியைத் திருகினாள். "எப்படின்னா கேக்குறீங்க?" என்றாள். "இன்னும் ரெண்டு தபா சொல்லணுமா?"

முகத்தில் சிரிப்பே இல்லை. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று முன்னே நடந்தாள்.