இலவ மரத்தடியில் செவலை

எங்கள் வீட்டில் கேட்டால், நாய்க்கு ஊசி போடுகிறவள் என்பார்கள். தப்பில்லை. காட்டு விலங்குகளுக்கு வரும் நோய்களை ஆராய்வது என் வேலை என்று பெரியகுளத்துச் சொந்தங்களுக்கு விளக்கிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

வருசநாட்டு மலையடி ஓடையில் ஒரு பெண் செந்நாய் செத்துக் கிடந்தது. மடியில் பால் இருந்தது. அறுத்து, திசு மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். டிஸ்டெம்பர் என்று முடிவு வந்தது, ஊர்நாய்களிடமிருந்து தொற்றுகிற நோய். தாய் இல்லாவிட்டாலும் கூட்டத்தின் மற்ற செந்நாய்கள் குட்டிகளை வளர்த்துவிடும். நோய் அவற்றையும் பிடித்தால் அதுவும் இல்லை. அதனால் ஓடையை ஒட்டிய ஊரில் எல்லா நாய்க்கும் தடுப்பூசி போட வேண்டியிருந்தது.

முதலில் நாயைப் பிடித்துக் கொடுத்தவர் ஆடு மேய்க்கும் ஒரு அக்கா. அவருடைய செவலை அசையாமல் நின்று ஊசியை வாங்கிக்கொண்டது. சில நாளில் வலிப்பு வந்து செத்தது.

“நல்லாத்தான இருந்துச்சு. அந்தம்மா வந்து ஊசி போட்டாக, செத்துப்போச்சு” என்று ஊரெல்லாம் பேச்சு. என் ஜீப்பைக் கண்டாலே நாய்களை வீட்டுக்குள் இழுத்துப் பூட்டினார்கள். நானாக இருந்தாலும் பூட்டியிருப்பேன்.

நோய் ஊசிக்கு முன்பே உடம்பில் ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வெறும் வாய்ப்பேச்சை யார் நம்புவார்கள்? புதைத்த மறுநாளே போய், தோண்டிச் சோதிக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் இலவ மரத்தடியைக் கையால் காட்டிவிட்டு ஆடுகளோடு போய்விட்டார்.

தோண்டினேன். செவலையின் கழுத்தில் அக்கா கட்டிவிட்ட சிவப்புக் கயிறு அப்படியே இருந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. எந்தப் பகுதியை எடுப்பது என்றுதான் மனசு ஓடியது. முன்பெல்லாம் நான் இப்படி இல்லை. எப்போது மரத்துப்போனேன் என்று தெரியவில்லை.

சோதனை முடிவு வந்தது. செந்நாயைக் கொன்ற அதே கிருமிதான் செவலையையும் கொன்றிருந்தது. ஊசியில் இருப்பது நோய் தராதபடி பலவீனமாக்கிய வேறு வகை. அக்காவின் வீட்டு வாசலுக்கே ஊர்க்காரர்களை அழைத்துச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, நம்பியதாகவும் தெரியவில்லை. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அவர் கொல்லைக்குப் போய்த் தன் இன்னொரு நாயை இழுத்து வந்தார். அதன் தலையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார்.

“போடுங்க டாக்டரம்மா. ஆனா இது செத்துச்சுன்னா தோண்டக் கூடாது” என்றார்.

சரி என்றேன். பின்னால் ஒவ்வொருவராக நாயோடு வந்து நின்றார்கள். அன்றைக்காவது என் கை நடுங்கியிருக்கலாம், நடுங்கவில்லை.