இரண்டடி ஏறிய தரை

மாசி பிறந்து வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்கு, என் வீட்டு வாசல் நிலையே என்னை நெற்றியில் அடித்தது. நான் கட்டிய வீடு, நான் பக்கத்தில் நின்று நிறுத்திய நிலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நுழைவேன் என்கிற நினைப்பில் துணி மூட்டையோடு ஏறினேன். வாசலில் புதிதாக இரண்டு படி இருந்ததைப் பார்த்தேன், எதற்கு என்று யோசிக்கவில்லை. இடித்த இடியில் மூட்டையைப் போட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த வீட்டுக்காரி அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தாமல் நேராக உள்ளே போனாள். அவள் குள்ளம்.

"இன்னாமே இது?" என்றேன்.

"தரைய ஏத்திகீறான் உம் புள்ள. இனிமே மழத்தண்ணி உள்ள வராது."

"என்ன ஒரு வார்த்த கேட்டானா?"

"நெத்தி பொடைச்சிகினு கீது பாரு. மொதல்ல எண்ண தடவு, அப்பால கத்து."

முடிச்சூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ரோடு போட வருகிறவன் பழைய ரோட்டைச் சுரண்ட மாட்டான். அதன் தலைமேலேயே புது ரோட்டைப் போட்டுவிட்டுப் போவான். பக்கத்து மனையை வாங்கிக் கட்டுகிறவன் லாரி லாரியாக மண் அடித்து மேடாக்கி, அதன்மேல் அடுக்கு மாடி எழுப்புவான். நம் வீடு நகராமல் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஊர் ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் பார்த்தால் நாம் குழியில் இருப்போம். வசதி உள்ளவன் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறான். மற்றவன் வீட்டுக்குள்ளே உடைந்த செங்கல்லையும் மண்ணையும் கொட்டி, தரையை மட்டும் ஏற்றிக்கொள்கிறான். தரை ஏறும், கூரை ஏறாது. நடுவில் இருக்கிற மனுஷன்தான் குட்டையாக வேண்டும்.

சென்னையே முழுகிய அந்தப் பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஐப்பசி வந்தால் பையன் எங்கள் இரண்டு பேரையும் குரோம்பேட்டையில் இருக்கிற தன் ஃபிளாட்டுக்குக் கூட்டிப் போய்விடுவான். மார்கழியில் திரும்புவோம். இந்த வருஷம் மட்டும் விடவில்லை. பொங்கல் கழியட்டும் என்றான். தை அமாவாசை கழியட்டும் என்றான். எனக்கு இருமல் என்றான். எனக்கு எப்போதும்தான் இருமல். மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு கீழே போகிற வண்டிகளை எண்ணி எண்ணி எனக்குப் பைத்தியம் பிடித்தது. துப்புவதற்குக்கூட அங்கே இடம் கிடையாது, வாயில் வைத்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் நடக்க வேண்டும். என்னை ஏன் அத்தனை நாள் அடைத்து வைத்தான் என்பது நிலை நெற்றியில் அடித்தபோதுதான் விளங்கியது. இங்கே வேலை முடியவில்லை.

உள்ளே நுழைந்து பார்த்தேன். நுழைந்தேன் என்று சொல்லக்கூடாது, பொந்துக்குள் உடும்பு போகிற மாதிரி போனேன். பழைய சிவப்புத் தரை போய் வழவழவென்று டைல்ஸ் கிடந்தது. சுவிட்சுப் பலகை என் தொடை உயரத்தில் இருந்தது. நான் சவரம் பண்ணிக்கொள்கிற கண்ணாடியின் முன்னால் நின்றால் என் நெஞ்சு முடிதான் தெரிந்தது. சாமி படமெல்லாம் இடுப்புக்கு நேராக வந்துவிட்டது, மடங்கி உட்கார்ந்துதான் கும்பிட வேண்டும். புழுக்கமாக இருக்கிறது என்று சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினேன், ஃபேன் விரல் முட்டியில் அடித்தது. நல்ல வேளை, அப்போதுதான் போட்டிருந்ததால் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியே வந்துவிட்டேன். நிமிர்ந்து நுழைய முடிகிறவரை உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். கொல்லையில் மாட்டுக்கொட்டாய் இருக்கிறது. மாடு போய் ரொம்ப நாள் ஆகிறது, கொட்டாய் மட்டும் நிற்கிறது. அதில் கயிற்றுக் கட்டிலைப் போட்டேன்.

ஒரு வாசலுக்கா இத்தனை ரோஷம் என்று கேட்பீர்கள். என் அப்பா என்னைவிட நெட்டை. எங்கள் குடிசை வாசல் அவர் மார்பு உயரம்தான் இருக்கும். நடவுக்குப் போய்விட்டு வந்து, முதுகு ஏற்கனவே வளைந்திருக்கிற நேரத்தில், இன்னும் வளைந்து உள்ளே போவார். போகும்போது ஒரு முனகல் வரும். அந்த முனகலை வைத்துத்தான் அப்பா வந்துவிட்டார் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். கூலி நெல் வாங்கப் பெரிய வீட்டுக்குப் போனால் அங்கே வாசல் அத்தனை உயரம், ஆள்மேல் ஆள் நின்று நுழையலாம். ஆனால் எங்களை நுழைய விடமாட்டார்கள். அந்த உயரமான வாசலுக்கு வெளியே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா குனிந்து நிற்பார். அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் நான் வீடு கட்டியபோது செங்கல் முழுவதும் என் மாட்டு வண்டியிலேயே அடித்துக்கொண்டு வந்து, கொத்தனாரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாசல் ஏழடி வேண்டும். அவன் சிரித்தான்.

"ஆறரை போதும்யா. இன்னா, யானை கட்டப் போறியா?"

"யானை இல்ல, நான் போகணும். முண்டாசோட போகணும்" என்றேன்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஆனால் ஏழடி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நிலை நிறுத்தி மஞ்சள் குங்குமம் வைத்த அன்றைக்கு அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் முனகாமல் நுழைந்திருப்பார். இப்போது அந்த ஏழடியில் இரண்டடியை என் பையன் மண்ணில் புதைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் கொட்டாயைச் சுற்றிப் பெருக்கினேன். மாசியில் எங்கள் வேம்பு இலையெல்லாம் பழுத்துக் கொட்டும். பெருக்கிவிட்டுத் திரும்பினால் மறுபடி மஞ்சளாகக் கிடக்கும். மற்ற வருஷங்களில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இந்த வருஷம் அந்த மரத்தையும் திட்டினேன். கிணற்றில் வாளி விட்டுப் பாசியை எடுத்தேன். முருங்கை பூத்திருந்தது, கம்பளிப்புழுவும் ஏறியிருந்தது, தீப்பந்தம் காட்டினேன். கீரைக்குப் பாத்தி பிடிக்க மண்ணைக் கொத்தினால் ஒவ்வொரு கொத்துக்கும் செங்கல் உடைசல் வந்தது. உள்ளே கொட்டியதில் மீந்ததை என் பாத்தியிலேயே தள்ளியிருக்கிறார்கள். அதைப் பொறுக்கிப் பொறுக்கி வேலி ஓரமாக வீசினேன். வீசுகிற சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

பக்கத்து வீட்டு பாய் கொத்துவேலை மேஸ்திரி. நல்ல மனுஷன். எங்கள் வீட்டுத் தரையை ஏற்றியது அவர்தான் என்று எனக்கு அதுவரை தெரியாது. நோன்பு வைத்திருந்ததால் உதடு வறண்டு, மெதுவாக வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அண்ணே, கோச்சிக்காதீங்க. உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்."

"தெரிஞ்சா ஒத்துப்பனா பாய்?"

"நெலைய மேல ஏத்தி வெக்கலாம்னு நான் சொன்னேன் ணே. கூர பழைய சிலாப்பு, செவுத்த ஒடைச்சா கிராக் வுடும், வோணாம்னுட்டாரு உங்க புள்ள."

"அப்போ நான் எப்பிடிப் போறதாம்?"

பாய் காலடியைப் பார்த்தார். "அத நானும் கேட்டேன். நைனா குனிஞ்சி போவும்னாரு."

நான் கையில் இருந்த செங்கலை வீசவில்லை, கீழே வைத்தேன். பாய் பேச்சை மாற்றுகிறேன் என்று இன்னும் கெடுத்தார்.

"ஆனா டைல்ஸ் சூப்பரா அமைஞ்சிச்சிண்ணே. அண்ணி நல்ல கலரா சொன்னாங்க."

"எந்த அண்ணி?"

"வேற யாரு, உங்க வூட்டு அண்ணிதான். போன்ல போட்டோ அனுப்பிச்சி கேட்டேன்."

நேரே போய் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் பரணிலிருந்து பித்தளைக் குண்டானை இறக்கிக்கொண்டிருந்தாள். தானாகவே, முக்காலி போடாமல். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பரணில் இருக்கிற எதை எடுக்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவாள். ஏர் ஓட்டிக்கொண்டிருந்தாலும் ஆள் அனுப்புவாள். நான் வந்து, கையை நீட்டி, எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவேன். இப்போது அவள் பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள், துடைத்துத் திரும்ப வைக்கிறாள், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் கொட்டாய்க்குத் திரும்பினேன். அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். அவனும் என் உயரம்தான். ஃபோனில் பேசிக்கொண்டே வந்தான், பேச்சை நிறுத்தாமலே இடுப்பை மடித்து, தலையைச் சாய்த்து உள்ளே போனான். அவன் குனிந்தது அவனுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் நிலை அடித்தபோதுகூட வரவில்லை.

கூப்பிட்டேன். ஜன்னலண்டை வந்து உட்கார்ந்தான். ஜன்னல் இப்போது தரையிலிருந்து ஓரடிதான்.

"நைனா, ப்ராக்டிகலா யோசி. ரெண்டு செகண்ட் தலைய சாய்ச்சி போறதுல இன்னா பிராப்ளம்?"

"உனக்கு ஒன்னும் இல்லடா. நீ ஆபீஸ்ல பழகிகினே."

"இதுல ஆபீஸ் எங்க வந்துச்சி? மறுபடி தண்ணி வந்தா இன்னா பண்ணுவ?"

"வரட்டும். அன்னிக்கி வர்ல? வயிறு வரைக்கும் வந்துச்சி, போச்சி. நான் இன்னா செத்தா போய்ட்டேன்?"

அவன் பதில் சொல்வதற்குள் சமையல் கட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

"உனக்கு வயிறு. எனக்கு மூக்கு."

கரண்டியோடு வந்து பையன் பக்கத்தில் நின்றாள்.

"அவன திட்டாத. ஏத்த சொன்னதே நான்தான். அன்னிக்கி என்ன தோள்ல குந்த வெச்சிகினு மெயின் ரோடு வரைக்கும் போனியே, போறப்போ இன்னா சொன்னே? பயப்படாத, தண்ணி கொஞ்சந்தான் கீதுன்னே. உனக்குக் கொஞ்சம். உனக்கு எங்கனா கால் வழுக்கிச்சின்னா நான் முழுவிடுவேன். கறுப்பா ஓடிச்சி தண்ணி, அதயே பாத்துகினு வந்தேன். அதுலேர்ந்து ஒவ்வொரு மழைக்கும் எனக்குத் தூக்கம் கெடயாது. நீ கொறட்ட வுட்டுகினு தூங்குவ."

அவள் சொன்னதெல்லாம் நிஜம். நிஜத்தைச் சொன்னால்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும்.

"இத என்கிட்ட நேரா சொல்றதுக்கு இன்னாமே?"

"சொன்னா கேட்டுட்டுதான் மறுவேல. பரண் எட்டல, கீழ ஒரு அலமாரி அடிச்சி குடுன்னு எத்தினி வருசம் கேட்டேன்? அடிச்சியா?"

"நான்தான் கீறேனே எடுத்துக் குடுக்க."

"ஆமா. நீ கீற." அவள் சிரிக்கவில்லை. பையன்தான் சிரித்தான். நான் முறைத்ததும் ஃபோனைப் பார்த்தான்.

நான் வேலிக்குப் போய் பாயைக் கூப்பிட்டேன். டேப்பை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். வாசல் மேலே எத்தனை அடி சுவர் இருக்கிறது என்று அளக்கச் சொன்னேன். மூன்றடி இருந்தது.

"முட்டு குடுத்து ஒடைக்கலாம் ணே. செவுத்த தாங்குற லிண்டல மேல போட்டு நெலைய ரெண்டடி ஒசத்திடலாம். ஆனா கேரண்டி சொல்ல மாட்டேன். சிலாப்பு பழசு."

"கிராக் வந்தா மழைக்கு ஒழுவும் நைனா" என்றான் பையன். "கீழ இருந்து வராத தண்ணி மேல இருந்து வரும்."

"வந்தா நான் கொட பிடிச்சிகினு குந்திகீறேன். நேரா குந்தினு கீறேன்."

பாய் வாயைப் பொத்திக்கொண்டார். பையன் அம்மாவைப் பார்த்தான். இந்த வீட்டில் யாரைக் கேட்டு எது நடக்கிறது என்று அப்போது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் கொஞ்ச நேரம் கரண்டியால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வாசல ஒடைச்சிக்கோ. ஒழுவுனா பாத்திரம் வெச்சிக்கலாம். ஆனா என் தரைமேல ஒரு கடப்பார பட்டுச்சின்னா நான் குரோம்பேட்டைக்குப் போய்டுவேன், நீ இங்க தனியா நிமிந்து நிமிந்து நடந்துகினு இரு."

"நோம்பு முடியட்டும் ணே" என்றார் பாய். "வெயில்ல வெறும் வயித்தோட சுத்தியல தூக்க முடியாது. பெருநாள் கழிச்சி ஒடைச்சிர்லாம்."

பையன் கிளம்பினான். போகும்போதும் குனிந்துதான் போனான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பெருநாள் வர இன்னும் நாள் இருக்கிறது. நான் கொட்டாயில்தான் இருக்கிறேன். சாயங்காலம் பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரும். மத்தியானச் சோறு இவள்தான் தர வேண்டும். புதுசாக வந்த இரண்டு படியையும் இறங்க அவள் முட்டி ஒத்துக்கொள்ளாது, தரையை ஏற்றச் சொன்னபோது அவள் அதை யோசிக்கவில்லை. நான் உள்ளே போக மாட்டேன். அதனால் ஜன்னல். அவள் உள்ளே தரையில் உட்கார்ந்தால், வெளியே நிற்கிற எனக்கு அவள் முகம் நேருக்கு நேராக வருகிறது. இத்தனை வருஷத்தில் அவள் உச்சந்தலையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது அவளுக்கு. எப்போது பட்டது என்று கேட்கவில்லை. கோபத்தில் இருக்கிறேன்.

மற்ற நாளில் பொட்டலமாகக் கட்டித் தருவாள், நேற்று தட்டோடு கொடுக்கப் பார்த்தாள். ஜன்னல் கம்பிக்கு நடுவில் தட்டு நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தாள், குழம்பு ஒழுகியது. அப்புறம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, முருங்கைக்கீரையும் சோறுமாகப் பிசைந்து, உருட்டி, கம்பி வழியாக நீட்டினாள். நான் கை நீட்டாமல் நின்றேன்.

"இன்னா மொறைக்கிற?" என்றாள். "ஊட்டி வுடுறேன்னு நெனச்சிக்காத. தட்டு நொழையல."

வாங்கிக்கொண்டேன்.