காந்த அறை வாசலில் நீட்டிய கை

டாக்டர் கிருபாவதி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பொன்னேரி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாரடைப்பாம். "யாரு சொன்னது? சும்மா கிளப்பி விடாதீங்க!" என்று போனில் கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் ரயில் வந்து, போயும் விட்டது. நான் ஏறவில்லை.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதத்தைச் சொல்லத் தேவையில்லை. சிறுநீரக மருத்துவரான அவரும், எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்கும் நானும் பல வருடங்கள் ஒரே மருத்துவமனையில் சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்த்தோம். சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. உலைக்கு முன்னால் வெந்து வேலை செய்பவர்களுக்கு அவை ஓசைப்படாமல் செத்துக்கொண்டே வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரியும்போது பெரும்பகுதி போயிருக்கும். ஊசி குத்திச் சதை எடுக்காமல், காந்தப் படத்திலேயே அந்தச் சேதத்தை முன்கூட்டிக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவருடைய வெறி. "ஒவ்வொரு முடிச்சையும் தனியா காட்ட நம்ம மெஷினுக்குத் துப்பு இல்ல டாக்டர்" என்பேன். "அதுங்களுக்கு ரத்தம் எப்டி போவுதுன்னு காட்டு சேகரு, மிச்சத்த நான் கண்டுபுடிச்சிக்கிறேன்" என்பார். கும்மிடிப்பூண்டியில் பிறந்தவர், எவ்வளவு படித்தும் பேச்சு மாறவில்லை.

ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆய்வுக்கு இயந்திரத்தைத் தொடர்ந்து தருவதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்க நிர்வாகத்திலிருந்து மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு ஒரு நல்ல படமாவது காட்டியாக வேண்டும். படம் எடுத்துக்கொள்ள வந்தவர் ஏழுமலை. தேர்வாய் கண்டிகையில் ஓர் இரும்பு உலைத் தொழிற்சாலையில் கிரைண்டிங், அதாவது இரும்பைத் தேய்த்துச் சீராக்கும் வேலை. அவருடைய தம்பி ஏற்கெனவே டயாலிசிஸில் இருந்தார். தனக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்ற பயம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

உடம்பில் இரும்பு ஏதாவது இருக்கிறதா, கண்ணில் எப்போதாவது அடிபட்டதா என்று வழக்கம்போல் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சார்" என்றார். காந்த அறைக்கு அழைத்துப் போனேன். வாசலில் டாக்டர் குறுக்கே கையை நீட்டினார்.

"இருண்ணா. கிரைண்டிங்ல தூள் தெறிச்சி கண்ல பூந்தா யாரு எடுப்பாங்க?"

"எங்க மேஸ்திரிதான். துணி முனையால எடுத்துடுவாரு."

"அப்ப அடிபடலன்னு சொன்னே?"

"அது அடியா மேடம்? எல்லாருக்கும் தெனமும் பூர்றதுதானே!"

கண்ணுக்குள் துளி இரும்பு தங்கியிருந்தாலும் அந்தக் காந்தம் அதை அசைத்துப் பார்வையைப் பறித்துவிடும். டாக்டர் அவரை எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். நிர்வாகத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி, "கண்ணை நல்லா மூடிக்கச் சொல்லி முடிச்சிடலாமே" என்றார். அட கடவுளே! நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் "முடியாது" என்றார்.

எக்ஸ்ரேயில் இடது கண்ணுக்குள் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. இரும்புதான்.

ஏழுமலை அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. "ஒரு கண்ணு போனா போவுது மேடம், இன்னொண்ணு கீது. கிட்னி இன்னா ஆச்சுன்னு பாத்துடுங்க. புள்ளைங்க சின்னதுங்க" என்று கெஞ்சினார். டாக்டர் அவர் தோளைத் தொட்டார். "ரத்தம், மூத்திரத்த வெச்சி நான் விடாம பாத்துக்கினே இருக்கேண்ணா. தெரிஞ்சே உன் கண்ண எடுக்க என்னால ஆவாது."

மூவரும் எழுந்து போனார்கள். ஆய்வு நின்றது. அன்று கேன்டீனில் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவர், "வயிறு எரியுது சேகரு. இவ்ளோ வருஷ வேல! ஆனா நாளைக்கே மறுபடியும் நடந்தாலும் கைய எடுக்க மாட்டேன்" என்றார். அதன்பின் அந்த இயந்திரத்தை அவருக்கு யாரும் தரவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டேதான் இருந்தார். அநியாயம் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு ஏழுமலை வந்திருந்தார். கண்ணிலிருந்த இரும்பை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கு மாதம் தவறாமல் டாக்டரிடம் வந்துகொண்டிருந்தவர். "இனிமே என் கிட்னிய யாரு சார் பாப்பாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஆசைப்பட்ட படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. குழிக்குள் மண் விழுவதை ஏழுமலை இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு நின்றார். படத்துக்குப் பதிலாக உங்களிடம் காட்ட அந்தக் கண்களைத்தான் நான் வைத்திருக்கிறேன்.