பதினாறு வார்த்தைக்கு ஒரே ஒரு ஜி

1. காலி அறை

இங்கிலீஷ் கேஸின் முன்னால் நின்ற பதினோராம் நாள் காலையில் ஜி அறைக்குள் விரலை விட்டேன். எழுத்து அகப்படவில்லை, மரம்தான் தட்டியது.

கேஸ் என்றால் கோர்ட்டு வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஈய எழுத்துகளைப் பிரித்துப் போட்டு வைக்கும், அறை அறையான மரத்தட்டுக்கு அச்சாபீசில் அதுதான் பேர். அங்கே எல்லா எழுத்துக்கும் ஒரே மரியாதை கிடையாது. இங்கிலீஷில் ‘ஈ’ நிமிஷத்துக்கு ஒருதரம் வருகிறவர், ஆகையால் அவருக்கு விசாலமான கூடம். ஜி எப்போதாவது எட்டிப் பார்க்கிறவர். அவருக்கு ஒரு மாடப்புரை போதும் என்று எவனோ வெள்ளைக்காரன் தீர்மானித்துவிட்டான். பாவம், ஸ்ரீரங்கத்து தேசிகன் சாரை அவனுக்குத் தெரியாது.

தேசிகன் சார் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். பையன்களுக்காக ஒரு வார்த்தைப் புஸ்தகம் எழுதி எங்களிடம் அச்சுக்குக் கொடுத்திருந்தார். வார்த்தைகளை முகம் பார்த்து வரிசைப்படுத்துவது அகராதிக்காரர் வேலை. இவர் வால் பார்த்துப் பிரித்தார். ஒரே வால் உள்ளவை ஒரே பக்கத்தில், எதிரே தமிழ் அர்த்தம். முதல் எட்டுப் பக்கமும் ஜி-எச் வால்கள். அதிலும் முதல் பக்கம் ஐ-ஜி-எச்-டி: லைட், நைட், ரைட், ஃபைட் என்று பதினாறு பேர். அந்த ஜி-யும் எச்-சும் வாயே திறப்பதில்லை. பேசாத எழுத்துக்குத்தான் பஞ்சம் வந்தது.

யுத்த காலம். பட்டணத்தில் எழுத்து வார்க்கும் ஃபவுண்டரிக்கு எழுதினால், ஈயம் எல்லாம் குண்டுக்குப் போகிறது என்று பதில் வந்தது. ஊரில் மற்ற அச்சாபீஸ்களில் கைமாற்றாக வாங்கிய ஜி-க்கள் உயரத்திலும் பருமனிலும் ஒத்துப்போகவில்லை. இரண்டிரண்டு பக்கமாக அச்சடித்து, எழுத்தைப் பிரித்து, மறுபடி கோக்கலாம்தான். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்து காலாண்டுப் பரீட்சையும் வந்துவிடும்.

பெரிய கடை வீதிப் பக்கம் எங்கள் அச்சாபீஸ். முதலாளி காதர் ராவுத்தர் கோபப்படுகிற மனிதர் அல்ல. அதனால்தான் அவர் மெதுவாகச் சொன்னது உறைத்தது.

“தம்பி, ஸ்கூல் தெறக்கிற அன்னிக்கு புஸ்தகம் பையங்க கையில இருக்கணும். இல்லேன்னா வாத்தியார் சாமி வேற எடத்துக்குக் கொண்டு போயிடுவாரு. அப்புறம் எனக்கு இங்கிலீஷ் கேஸ் எதுக்கு? அதுக்கு முன்னாடி நிக்கிற ஆளுதான் எதுக்கு?”

பத்து வருஷம் தமிழ்க் கேஸில் நின்று, கெஞ்சிக் கேட்டு வாங்கிய இடம் அது. எனக்கு இங்கிலீஷ் அர்த்தம் ஒன்றும் தெரியாது. உருவத்தைப் பார்த்து உருவத்தைக் கோப்பேன், அவ்வளவுதான்.

2. கரி பூசிய லைட்

எழுத்து தீர்ந்தால் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அதே பருமனுள்ள வேறு எழுத்தைத் தலைகீழாக, அடிக்கட்டை மேலே வரும்படி செருகி வைப்போம். புரூஃபில் அந்த இடம் கறுப்புக் கட்டியாக விழும். எழுத்து கிடைத்ததும் மாற்றிவிடுவோம். நானும் அப்படியே செய்து புரூஃப் எடுத்தேன். காவேரிப் பாலம் தாண்டி வந்த தேசிகன் சார் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

“யுத்தத்துக்காக ஆத்துல எரியற விளக்கைத்தான் சர்க்கார்ல மறைக்கச் சொன்னான். லைட்ங்கற வார்த்தையையுமா மறைக்கணும்?”

ராவுத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “சாமி, அந்த ரெண்டு எழுத்துக்கும் சத்தமே இல்லேங்கறாங்க. எடுத்துட்டா என்னங்க?”

“எங்க பெரிய பெருமாளுந்தான் பேசறதில்லை, ராவுத்தரே. சன்னதியைச் சாத்திடலாமா?”

வியாழக்கிழமை வருவதாகவும், அன்றும் கறுப்புக் கட்டி இருந்தால் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு போவதாகவும் சொல்லிவிட்டு சார் குடையை விரித்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது. ஆற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

3. ஏழு மாமன்மார்

அன்று சாயங்காலம் கை சும்மா இருக்க மாட்டாமல் பழைய தமிழ்க் கேஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓர் அறையில் பிரேஸ் கிடந்தது, கல்யாணப் பத்திரிகைகளுக்குப் போடும் நீண்ட வளைகோடு. அதைப் பார்த்ததும் உறையூர்க் கல்யாணம் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பத்திரிகையில் பெண்ணுக்கு ஏழு மாமன்மார். ஏழு பேருக்கும் தனித்தனியே ‘அவர்கள்’ போட எழுத்து போதவில்லை. ஏழு பேரையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து, பக்கத்தில் ஒரு பிரேஸ் போட்டு, பொதுவாக ஒரே ஒரு ‘அவர்கள்’ வைத்தேன். மூத்த மாமா நேரில் வந்து, தமக்கு ஏழில் ஒரு பங்கு மரியாதைதானா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிரேஸைக் கையில் எடுத்தபோது இடது கை தானாகவே எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைத் தேடியது.

கோத்திருந்த பக்கங்களைப் பிரித்துவிட்டு, இடப்பக்கம் வார்த்தைகளின் தலைகளை மட்டும் அடுக்கினேன். எல், என், ஆர், எஃப், கீழே பி-ஆர், எஃப்-எல். ஒரு பிரேஸ். நடுவில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு ஐ-ஜி-எச்-டி. மறுபுறம் இன்னொரு பிரேஸ். வலப்பக்கம் அந்தந்தத் தலைக்கு நேராக வெளிச்சம், இரவு, சரி, சண்டை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம், நடுவே மணவறை.

மற்ற வால்களையும் அப்படியே. எட்டுப் பக்கமும் முடிந்தபோது பத்து ஜி கூடச் செலவாகவில்லை.

வியாழக்கிழமை தேசிகன் சார் புரூஃபை வெகுநேரம் பார்த்தார். ராவுத்தர் மூக்குப்பொடி டப்பியைத் திறந்தவர் போடாமலே மூடினார்.

“பதினாறு முழு வார்த்தை எழுதிக் குடுத்தேன். நீ பதினாறு தலையையும் கொய்து வெச்சிருக்கே.”

அவர் எல் மேல் விரலை வைத்தார். ‘லைட்’ என்று மணவறையைத் தாண்டி மறுகரைக்குப் போய் ‘வெளிச்சம்’ என்றார். மறுபடி என்-இல் ஆரம்பித்தார். ஐந்தாவது தரம் தாண்டும்போது அவர் உதடு கொஞ்சம் வளைந்தது. சட்டென்று என்னைப் பார்த்தார்.

“எஃப்ல ஆரம்பிச்சு நீ படி.”

“ஃபைட்... சண்டைங்க.”

“டி?”

“டைட். இறுக்கம்.”

“இங்கிலீஷ் வாசிச்சிருக்கியா?”

இல்லை என்றேன். நானே கோத்ததைத்தான் படித்தேன். கடைசியாக டபிள்யூ-ஈயில் விரல் வைத்து, அதே தைரியத்தில் ‘வைட்’ என்று வெளுத்து வாங்கினேன்.

“அது வெய்ட். எடை. அவர் பத்திரிகையில பேர் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தி. இருக்கட்டும், தலையில ஒரு நட்சத்திரம் போட்டுடு” என்றார். பிறகு மையைத் தொட்டு, ஓரத்தில் ‘அச்சிடலாம்’ என்று எழுதினார்.

பள்ளி திறந்த அன்று புத்தகம் போயிற்று. நான் கேஸ் முன்னால் நின்றேன், இன்றும் நிற்கிறேன்.

யுத்தம் முடிந்து பட்டணத்திலிருந்து ஒரு பொட்டலம் நிறைய ஜி வந்தது. இரண்டாம் பதிப்புக்கு வார்த்தைகளை முழுசாகவே போட்டுவிடலாம் என்றார் ராவுத்தர். சார் மறுத்துவிட்டார். பையன்கள் பாலம் தாண்டுகிற மாதிரி தாண்டித் தாண்டிப் படிக்கிறார்களாம், அதைக் கெடுக்கக் கூடாதாம்.

“அப்ப இத்தனை ஜி-யை வெச்சு என்ன பண்றதுங்க சாமி?”

“பேசாம இருக்கறவாளும் ஆத்துல ஒரு மூலையிலாவது இருக்கணும், ராவுத்தரே.”

அறையை நிரப்பி வைத்தேன். புதிதாகக் கேஸ் முன்னால் நிற்க வந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எழுத்து தீர்ந்தால் பட்டணத்துக்குத் தாராளமாகக் கடிதம் எழுதுங்கள். பதில் வருவதற்குள், எந்தப் பழைய வேலையில் யாரிடம் திட்டு வாங்கினீர்கள் என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள். எனக்கு வழி அந்த மூத்த மாமாவிடம் இருந்தது.