மூன்றாவது விமானம்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் பிரத்யுஷாவையே கேட்டுக்கொள்ளலாம். போன மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம் நடந்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பழைய கம்பெனிகளின் வரலாற்றைப் புத்தகமாக எழுதித் தருவது அவள் தொழில். கல்லூரித் தோழன் வம்சி கூப்பிட்டான். அவனுடைய கொள்ளுத்தாத்தா 1949-இல் பீளமேட்டில் விமானக் கம்பெனி தொடங்கியவர். மரச்சட்டத்தில் துணி போர்த்திய சின்ன விமானங்கள். மொத்தமே மூன்றுதான் செய்தார்கள். இரண்டே வருடத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். எல்லாம் தச்சர் அப்துல் மஜீதால் வந்தது என்பார்கள் வம்சி வீட்டில். ஓட்டிப் பார்க்க ஏறியவர், மூன்றாவது விமானத்தோடு ஓடியே போய்விட்டாராம்.

கம்பெனியின் தகரக் கொட்டகை இன்னும் நின்றது.

"உள்ள ஒண்ணுமில்ல பிரத்யு. போட்டோ எடுத்துக்கோ. நான் டீ குடிச்சுப்போட்டு வாரேன்" என்றான் வம்சி. வாசலைத் தாண்டி அவன் கால் வைக்கவில்லை.

மணி 3.10.

உள்ளே புது மரத்தூள் வாசனை. எழுபது வருடமாக யாரும் மரம் அறுக்காத இடத்தில்...

டக். டக். டக்.

மூலையில் ஒருவர் நீளமான இறக்கை ஒன்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரை மரத்தூள். வாட்ச்மேன் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"ஏனுங்க அம்மணி, இங்க கேளுங்க."

டக்.

"இங்க?"

பொத்...

"பசை விட்டுப்போச்சுங்க. மொதலாளிக்குத் தட்டிக் காட்டினேன். சரி பண்ணியாச்சு, ஏறுன்னாரு. நம்பி ஏறிப்போட்டேனுங்க."

பிரத்யுஷா ஓர் அடி பின்வாங்கினாள்.

"நான் ஓடிப்போகலைங்க. எழுதுவீங்களா?"

"எழுதறேனுங்க..."

போனைத் தூக்கினாள். கண்ணுக்கு இறக்கை தெரிந்தது.

திரையில் வெறும் சுவர்.

மணி 3.26. கூரைக்கு மேலே ஒரு எஞ்சின் சத்தம். இருமியது. திக்கியது.

நின்றது.

விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்...

வரவில்லை.

திரும்பினாள். அவரும் இல்லை.

கதவுக்கு ஓடினாள்.

வெளியே பூட்டியிருந்தது.

வம்சி திறந்தபோது மணி 3.42. என்னாச்சு என்று அவன் கேட்கவில்லை.

"என்ன சொன்னாரு?" என்றான்.

அவளுக்குப் பேய் கொடுத்த பயத்தைவிட அந்தக் கேள்விதான் அதிகம் வலித்தது.

"உனக்குத் தெரியுமா, வம்சி?"

"எங்க ஊட்டு ஆளுங்க கண்ணுக்கு அவர் தெரியறதில்ல... அதான் உன்னை அனுப்பினேன்" என்றான். தலை குனிந்தே இருந்தது.

கேட்டதை ஒரு வரி விடாமல் எழுதி வம்சியிடம் கொடுத்தாள். ஜூனில் புத்தகம் வந்தது. அட்டையில் அவள் பெயர். அறுபத்தோராம் பக்கத்தில், 'மஜீத் விமானத்துடன் தப்பியோடினார்.' அதற்குப் பிறகு வம்சி அவள் போனை எடுக்கவேயில்லை.

மனசு கேட்கவில்லை. மஜீதின் பேத்தி நிதாவைத் தேடிக் கோட்டைமேட்டுக்குப் போனாள்.

"மன்னிச்சுக்குங்க. அவர் ஓடிப்போகலை. எழுதறேன்னு வாக்குக் கொடுத்தேன். என் பேர்லயே பொய்யைப் போட்டுட்டாங்க."

"ஓடிப்போகலைன்னு உங்ககிட்ட யாருங்க சொன்னது?"

"அவரேதானுங்க. தெளிவா, வாய் திறந்து சொன்னாரு."

நிதா இல்லையென்று தலையாட்டினாள்.

"எங்க அத்தாவோட அத்தாவுக்கு, பொறந்ததுலருந்தே பேச்சு வராதுங்க."