பட்டரி இல்லாத மணிக்கூடு

2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் தம்பி கிளிநொச்சியிலிருந்து கண்டிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினான். உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறவன். நாவலப்பிட்டியில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்குக் கணித ஆசிரியர் தேவை என்று என் கணவர் விசாரித்து அறிந்து, உடனே புறப்பட்டு வரச் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் மனைவியையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிவந்துவிடுவதாக ஏற்பாடு. போர்நிறுத்தம் அப்போதும் கடதாசியில் இருந்தது. ஆனால் முந்திய மார்கழியிலிருந்தே பத்திரிகையில் கண்ணிவெடிச் செய்தி இல்லாத நாட்கள் குறைந்துகொண்டு வந்தன. வடக்குப் பாதை பூட்டப்படுவதற்குள் அந்த மூன்று பேரும் இங்கே வந்துவிட வேண்டும். அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே நினைப்பு அதுதான். பின்னறைக்கு வெள்ளையடித்து, பிள்ளைக்கென்று சின்னக் கட்டில் ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தோம்.

தம்பிக்குக் கண்டி புதிய ஊர் அல்ல. 1983 ஆடிவரை என்னோடு இருந்து இங்கேதான் படித்தான். கலவரத்துக்குப் பிறகு வடக்கே போனவன் அங்கேயே நின்றுவிட்டான். படித்த சிங்களத்திலும் முக்கால்வாசி மறந்துபோயிற்று.

வந்த முதல் நாளே அவனுக்கும் எங்களுக்கும் அரை மணி நேரம் ஒத்துவரவில்லை. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளியது. சில மாதங்களில் அதில் பாதியைக் குறைத்து அரை மணியோடு நிறுத்திக்கொண்டது. கிளிநொச்சி இருக்கிற வன்னியைக் கையில் வைத்திருந்த இயக்கம் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பத்து வருடமாக அங்கே பழைய நேரம், இங்கே புதிய நேரம். இரண்டுக்கும் எல்லையான ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடக்கிறவர்கள் மணிக்கூட்டு முள்ளையும் திருப்பிக்கொண்டுதான் கடந்தார்கள்.

“அக்கா, எனக்கு இன்னும் பசிக்கேல்லை. எங்கட நேரத்துக்கு இப்பதான் பன்னிரண்டு.”

“உன்ர நேரத்தை ஓமந்தையில விட்டிட்டு வா மச்சான்” என்றார் என் கணவர். “இஞ்ச சோறு அரசாங்க நேரத்துக்குத்தான் வேகும்.”

திருப்புவதற்குத் தம்பியிடம் ஓடுகிற மணிக்கூடே இல்லை என்பது வேறு விடயம். கலியாணத்துக்கு நாங்கள் கொடுத்த கைமணிக்கூடு 1990களின் நடுவில் பட்டரி தீர்ந்து நின்றது. வன்னிக்குப் பட்டரி கொண்டுபோவது அப்போது தடை. பேனா டோர்ச்சுக்குப் போடுகிற பட்டரியைக்கூடச் சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். சமாதானம் வந்து தடை நீங்கியபோது உள்ளிருந்த பழைய பட்டரி கசிந்து மணிக்கூட்டையே அரித்திருந்தது. வகுப்புக்கு மணியடிக்கிற சத்தத்திலும் முற்றத்து வெயிலிலும் நேரம் பார்த்துப் பழகிவிட்டான்.

பகலில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் கணவர் வேலைக்கும் போனால் அவன் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு இருப்பான். மின்சாரம் இல்லாமல் பல வருடம் இருந்த ஊர்க்காரன் என்பதால் நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. முற்பகலிலும் திரும்ப இரவிலும் ஓர் அலைவரிசையில் பொருள் விற்கிற நிகழ்ச்சி ஒன்று தமிழில் போகும். மரக்கறி அரிகிற பெட்டி, வயிற்றைக் குறைக்கிற பட்டி, முடி வளர்க்கிற எண்ணெய் எல்லாம் முடிந்து கடைசியில் மணிக்கூடு வரும். கோட்டுப் போட்ட ஒருவர் அதைத் தண்ணீர்க் கிளாசுக்குள் போட்டு எடுப்பார். சுவரில் எறிவார். கடையில் இருபதாயிரம் ரூபா பெறுமதியாம். இன்று மட்டும் ஆறாயிரத்துச் சொச்சமாம். திரையின் மூலையில் மிச்சம் இருக்கிற மணிக்கூடுகளின் தொகை ஒவ்வொன்றாகக் குறையும். அது ஏழுக்கு வந்ததும் அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, நேயர்களே, தயவுசெய்து உடனே அழையுங்கள் என்று மன்றாடுவார்.

“நேற்றும் ஏழிலதான் நிண்டது” என்றார் கணவர். “முந்தநாளும் ஏழு. ஏழு மணிக்கூட்டை வைச்சு ஊரையே விக்கிறாங்கள்.”

“அத்தான், அதை விடுங்கோ. உதுக்குப் பட்டரியே தேவையில்லையாம். கை ஆடினாக் காணும், தானா ஓடுமாம்.”

நான் அப்போது திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். இருபதாயிரமோ சுவரில் எறிந்ததோ அவனை அசைக்கவில்லை. பட்டரி இல்லை என்ற அந்த ஒரு சொல்தான் அவனைப் பிடித்துக்கொண்டது. எங்களைப் போன்றவர்களுக்கு அது காதில் விழாமலே போய்விடும்.

“பட்டரி இப்ப எங்கையும் வாங்கலாம்தானே?” என்றேன்.

“இப்ப வாங்கலாம். சண்டை தொடங்கினால் முதல்ல மறிக்கிறது அதைத்தான். என்ர வேலை சரிவராமல் நாங்கள் அங்கயே நிக்க வேண்டி வந்தால்? பிள்ளை சோதினை எழுத ஒரு மணிக்கூடு வேணும் அக்கா.”

அவன் அடுத்த நாள் நாங்கள் இல்லாத நேரத்தில் அந்த இலக்கத்துக்கு அழைத்துவிட்டான். தொலைபேசியை எடுத்த பெண்பிள்ளை பேசியதை எங்களுக்கு அப்படியே சொல்லிக் காட்டினான். “அண்ணா, ரெண்டே ரெண்டுதான் இருக்கு. லைன்லயே இருங்க, உங்களுக்காக ஒண்ண ஒதுக்கி வைக்கிறேன்.” இடையில் கட்டணம் ஏறுகிறதே என்று இவன் சொல்ல, “பரவாயில்லண்ணா, பாப்பாவுக்குத்தானே வாங்குறீங்க” என்றாளாம். மகளுக்கென்று இவனே அவளிடம் சொல்லியிருக்கிறான். அந்தக் குரலில் ஒரு குறையும் இருந்திருக்காது. அவளுக்கும் அது மாதச் சம்பளம் தருகிற தொழில்.

மணிக்கூடு கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் அவர்களுடைய கடை ஒன்றுக்கு வந்தது. நேர்முகத்தேர்வுக்கு முந்திய நாள் பின்னேரம் தம்பி பஸ்ஸில் போய்ப் பணத்தைக் கட்டி எடுத்துவந்தான். வெள்ளி நிறம், தோல் வார். நல்ல பாரம். முதுகுப் பக்கத்தில் கண்ணாடி. அதற்குள் அரைவட்டத் தகடு ஒன்று தெரிந்தது. கையை ஆட்டினால் அதுதான் சுழன்று சாவி கொடுக்குமாம். இரவு வானொலிச் செய்தி தொடங்குகிறபோது அவன் நேரத்தைச் சரிபார்த்து முள்ளை வைத்தான். பிறகு வீட்டுக்குள் கையை வீசி வீசி நடந்தான்.

“படையணி போறமாதிரிக் கிடக்கு” என்று கணவர் சிரித்தார். “நாளைக்கு உப்பிடி வீசிக்கொண்டு போகாதை. வேலை தரமாட்டினம்.”

காலையில் நான்தான் அவனை எழுப்பினேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. குட்ஷெட் பஸ் நிலையத்தில் நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறினான். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் கிளிநொச்சி விலாசத்தைக் கண்ட சிப்பாய் இவனைத் தனியாக நிறுத்தி, எத்தனை மணி பஸ்ஸில் ஏறினாய் என்று கேட்டான். தம்பி கையைத் திருப்பிப் பார்த்து, அதில் கண்டதிலிருந்து கணக்குப் பார்த்து ஒரு நேரத்தைச் சொன்னான். சிப்பாய் அந்தக் கையைப் பிடித்து, தன் கையோடு வைத்துப் பார்த்தான். ஏறத்தாழ அரை மணி பின்னுக்கு நின்றது.

அந்த அரை மணிக்கு அந்த நாளில் ஒரேயொரு அர்த்தம்தான். வன்னியிலிருந்து நேரே வந்து, முள்ளைத் திருப்ப மறந்தவன். ஆனால் இவனோ ஒரு மாதமாகக் கண்டியில் அக்கா வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மணிக்கூடு பிழை என்று சொல்லச் சிங்களம் வரவில்லை. “டிவி, டிவி” என்று கையைத் தட்டிக் காட்டினானாம். அது அவர்களுக்கு அறவே விளங்காமல் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பொலிஸ் நிலையத்திலிருந்து செய்தி வந்து நாங்கள் போய்ச் சேர மதியம் கடந்துவிட்டது. தம்பி சுவரோரம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். சேர்ட்டின் மடிப்புக்கூடக் குலையவில்லை. பொறுப்பதிகாரியின் மேசையில் மணிக்கூடு கிடந்தது. கணவர் நல்ல சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார்: இது நேற்றுத்தான் வந்தது, இன்ன நிகழ்ச்சியில் விற்றது, இரவு வானொலிக்கு ஒத்துப் பார்த்துத்தான் வைத்தோம், மணிக்கூடுதான் பிந்தியிருக்கிறது.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். “அந்தக் கோட்டுக்காரனா? என் மனைவி வயிற்றுக்குப் பட்டி வாங்கினாள். வயிறு அப்படியே இருக்கிறது, பட்டிதான் அறுந்துபோனது.” அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அதிகாரி சொன்னார்: “ஆனால் ஐயா, நீங்கள் சொல்வதை நான் எழுத வேண்டுமானால் எனக்குத் தெரிய வேண்டும். இதைச் சுவர்க் கடிகாரத்துக்குச் சரியாக வைக்கிறேன். பின்னேரம் பார்ப்போம். பிந்தினால் உங்கள் கதை சரி. பிந்தாவிட்டால் வேறு கதை.”

அப்படித்தான் நாங்கள் மூவரும் அந்த வாங்கில் இருந்து ஒரு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாங்கிய பொருள் ஒன்று பழுதாக இருக்க வேண்டுமே என்று நான் கடவுளைக் கேட்டது அந்த ஒரு முறைதான். தொடக்கத்தில் அது சரியாகவே ஓடியது. இரவு முழுக்கப் பொய் சொன்ன பொருள் இன்றைக்கென்று உண்மை பேசிவிடுமோ? தம்பி மேசையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்கள். அவன் குடிக்கவில்லை.

“பிந்துது அக்கா” என்றான் மெல்ல. எனக்கு அந்தத் தூரத்தில் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. பின்னேரம் அதிகாரி இரண்டையும் பார்த்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் பிந்திய மணிக்கூட்டைத் தம்பியிடம் நீட்டினார். “மாஸ்டர், இதைக் கட்டிக்கொண்டு வன்னிக்கும் போகாதீர்கள். அங்கேயும் இது பிழையான நேரம்தான்.”

விட்டுவிட்டார்கள். ஆனால் நேர்முகத்தேர்வு காலை ஒன்பது மணிக்கு. நான் கல்வி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். நடத்துகிறவர் மரியாதையாகவே பேசினார். “புரியுதுங்க அம்மா. ஆனா பொலிஸ்ல வச்சிருந்தாங்கன்னா புள்ளைங்களோட பெத்தவங்க நம்மளத்தான் கேப்பாங்க. வேற ஒருத்தர எடுத்துட்டோம். மன்னிச்சுக்கங்க.”

வேறிடம் பார்க்கலாம், பொறு என்று கணவர் எவ்வளவோ சொன்னார். தம்பி கேட்கவில்லை. “அங்கை எண்டால் என்னட்டை ஆரும் நேரம் கேக்க மாட்டினம் அத்தான்” என்றான். ஒரு கிழமைக்குள் போய்விட்டான். மணிக்கூட்டை என் அலுமாரித் தட்டில் வைத்து, பிள்ளை வரும்போது கொடுங்கோ என்று மட்டும் சொன்னான்.

அவன் போன பிறகு அதைத் திருத்தலாம் என்று கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் மணிக்கூடு பழுதுபார்க்கிற முஸ்லிம் ஒருவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்தவர் சிரித்தார். “சேச்சே, இதப் பாருங்க டீச்சர். இந்தத் தகடு சும்மா அழகுக்கு ஒட்டி வெச்சீக்கி. உள்ளுக்க பட்டரிதான் ஈக்கிது, அதுவும் செத்த பட்டரி. முந்நூறு ரூவாச் சாமான்.” புதிய பட்டரி போட்டதும் அது பிந்தாமல் ஓடியது.

அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு அரசாங்கம் நாடு முழுவதற்கும் நேரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளியது. பத்து வருடத்துக்குப் பிறகு பழைய நேரமே திரும்ப வந்தது. சோதனைச் சாவடியில் நின்ற அந்தச் சிப்பாயும் தன் முள்ளைத் திருப்பியிருப்பான். தம்பி கிளிநொச்சியிலிருந்து தொலைபேசி எடுத்தான்.

“அக்கா, இப்ப ரெண்டு பக்கமும் ஒரே நேரம். மணிக்கூடு ஓடுதோ?”

“ஓடுது.”

“பட்டரி இல்லாமலோ?”

பணத்தையும் வேலையையும் இழந்தவனுக்கு அந்த ஒன்றாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். “ஓம், பட்டரி இல்லாமல்தான்” என்றேன். அவன் கொஞ்சம் சிரித்தது கேட்டது. பிள்ளைக்கு வைச்சிருங்கோ என்றான். ஆவணியில் பாதை பூட்டியது. அதற்குப் பிறகு தொலைபேசியும் சரியாகக் கிடைக்கவில்லை.

2009இன் கடைசியில் வவுனியா முகாமிலிருந்து என் மைத்துனியும் மகளும் எங்களிடம் வந்தார்கள். தம்பி வரவில்லை. சண்டையின் கடைசி மாதங்களில், கடற்கரைப் பக்கம். அதற்கு மேல் மைத்துனி சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பிள்ளைக்குப் பதின்மூன்று வயதாகியிருந்தது. அவளுக்கென்று வாங்கிய கட்டில் அவளுக்கு நீளம் காணவில்லை.

அலுமாரியில் மணிக்கூடு நின்றுபோய்க் கிடந்தது. நான் அதை அதே கடைக்குக் கொண்டுபோய்ப் பட்டரி மாற்றி, துடைத்து, அவளிடம் கொடுத்தேன். “அப்பா உனக்கெண்டு வாங்கினது. பட்டரி தேவையில்லை, கை ஆடினால் ஓடும்.”

அவள் அதைக் காதோடு வைத்துப் பார்த்தாள். பிறகு முள்ளைக் கவனித்தாள்.

“மாமி, இதுக்குப் பட்டரி போட்டனீங்களோ?”

“ஏன் கேக்கிறாய்?” என்றேன்.

“நொடி முள்ளு நிண்டு நிண்டுதான் போகுது. கை ஆடி ஓடுறது எண்டால் வழுக்கிக்கொண்டு போகவேணும். அப்பா சொன்னவர். பொலிசில வாங்கில இருந்து பாக்கேக்கையே அதைக் கண்டிட்டாராம். உங்களுக்குச் சொல்ல வெக்கமாம். ‘அக்கா அது பட்டரி இல்லாமல் ஓடுது எண்டு சொல்லுறா, நான் என்னத்தைச் சொல்ல’ எண்டு அம்மாவிட்டச் சொல்லிச் சிரிச்சவர்.”

அவள் அதைக் கையில் கட்டிக்கொண்டாள். வார் பெரிதாக இருந்தது. ஓர் ஓட்டை கூடுதலாகப் போட வேண்டும் என்றாள். நான் கத்தரிக்கோல் எடுக்கப் பின்னறைக்குப் போனேன்.