பத்தியத்தில் கிடந்த ஈரல்

என் நாத்தனாரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

வெல்டர் வேலை பார்த்த என் கணவருக்கு ஈரலின் வலது பக்கத்தில் கட்டி. அதை உடனே எடுத்தால் மிஞ்சுகிற இடது பக்கம் உடம்பைத் தாங்காது, அவ்வளவு சின்னது என்றார் டாக்டர். அதனால் முதல் ஆபரேஷனில், வலது பக்கத்துக்குக் குடலிலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாயை மட்டும் கட்டினார்கள். ரத்தம் இடது பக்கம் திரும்பி, அது வளருமாம். நாலு வாரத்தில் ஸ்கேன். போதுமான அளவு வளர்ந்திருந்தால் வலது பக்கத்தை வெட்டி எடுப்பார்கள்.

"முட்டை, மீன், பருப்புன்னு நல்லா குடும்மா. வளர்றதுக்குத் தீனி வேணும்ல?" என்றார் டாக்டர்.

எனக்குக் காக்களூரில் பாக்கிங் வேலை. பகலில் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வந்தாள். ஈரல் என்றாலே அவளுக்கு மஞ்சள் காமாலைதான். எங்கள் பக்கம் காமாலைக்கு உப்பு, எண்ணெய், கவுச்சி எதுவும் ஆகாது. காலையில் மோரில் கீழாநெல்லி, மத்தியானம் கஞ்சி. நான் அவித்து வைத்த முட்டைகளைத் தெரு நாய்க்குப் போட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அவர் சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்தேன், மடச்சி.

ஸ்கேனில் இடது பக்கம் கொஞ்சம்தான் வளர்ந்திருந்தது. என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். முட்டை என்றேன். என் கணவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "கஞ்சி சார்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "இன்னா அண்ணி, ஆளைக் கொல்லவா வந்தே?"

"பாத்துக்கினதுக்கு இதுவா மரியாதி? கட்டி இருக்கிற ஈரலுக்குக் கவுச்சி குடுத்தா கட்டியும் சேந்து வளரும்டி!"

"வுடு, அக்கா நல்லதுக்குத்தான் பண்ணுச்சு" என்றார் அவர். அவர் மேலும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அன்றைக்கே அவளை பஸ் ஏற்றிவிட்டு, வேலையையும் விட்டேன். மூன்று வேளையும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். அடுத்த ஸ்கேனில் இடது பக்கம் டாக்டர் கேட்ட அளவுக்கு வளர்ந்திருந்தது. வளர்ந்த அந்தப் பக்கத்தில் புதிதாக நாலைந்து கட்டிகளும் இருந்தன. முதல் ஸ்கேனிலேயே வளர்ந்திருந்தால் அப்போதே எடுத்திருக்கலாம், இனி ஆபரேஷன் இல்லை என்றார் டாக்டர்.

விஷயம் தெரிந்து அன்று மாலையே அவள் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். "நான் அப்பவே சொன்னேன்ல? முட்டை குடுத்தா கட்டி வளரும்னு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. உரித்து வைத்திருந்த முட்டையைத் தட்டோடு என் பக்கம் தள்ளினார்.